கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

பினாங்கு காற்பந்துக் குழு 2020-இல் இரண்டாம் நிலைப் போட்டியான மலேசிய பிரிமியர் லீகை வென்று மேலே ஏறியது. அடுத்த ஆண்டே, செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஷ் த்ருஹாவின் கீழ், சூப்பர் லீகில் மூன்றாம் இடம். அதற்கு அடுத்த ஆண்டு கடைசி இடம். பருவம் முடியும்போது த்ருஹா அங்கே இல்லை.

ஜோர்ஜ்டவுன்காரர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பழகியதுதான். 1932-இலிருந்து நிற்கும் சிட்டி ஸ்டேடியத்தில் எழும் கூச்சலுக்கு, டத்தோ கிராமாட் வட்டாரத்தின் பெயரால், 'கிராமாட் ரோர்' என்று பெயர். 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி உதைத்த ஃப்ரீகிக் காற்றில் திசை மாறி வலைக்குள் விழுந்ததும், ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதைப் பெற்றதும் இந்தத் திடலின் பெருமை. அந்த விருது சூரிக் நகரில் வழங்கப்பட்ட 2017-ஆம் ஆண்டிலேயே பினாங்கு சூப்பர் லீகிலிருந்து கீழே இறங்கியது.

விளையாட்டாளர்களின் மனநிலையைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறார்கள். 2015-இல் உலகக் காற்பந்தாட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ, ஆட்டத்தில் இருக்கும் 607 பேரிடம் நடத்திய ஆய்வில் 38 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. நான் எழுத நினைப்பது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி. ஓரத்தில் நின்று கத்தும் பயிற்றுநர் ஒருவர். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் மற்றொருவர். இருவராலும் பந்தைத் தொட முடியாது. ஆனாலும் தோல்வி இருவர் உடம்புக்குள்ளும் இறங்குகிறது. இறங்கிய பிறகு அதைப் பற்றி வாய் திறக்க இருவருக்குமே வழியில்லாமல் போகிறது.

ஆட்டம் தோற்ற இரவு வரும் துக்கம் நோயாகாது. இரண்டு நாளில் அது கலைந்துவிடும், கலையவும் வேண்டும். மருத்துவர்கள் மனச்சோர்வு என்று சொல்வது குறைந்தது இரண்டு வாரங்கள், ஏறக்குறைய நாள் முழுதும், விலகாமல் நிற்கும் நிலையை. பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போகும். தூக்கம் கெடும், அல்லது எழுந்திருக்கவே முடியாமல் தூக்கம் அமுக்கும். பசி மாறும். ஒரு பக்கச் செய்தியைப் படிக்கக்கூட மனம் குவியாது. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் அரிக்கும். சிலருக்குச் செத்துவிடலாம் என்ற நினைப்பும் வரும். நம் ஆண்களில் பலர் இவற்றில் எதையும் டாக்டரிடம் சொல்வதில்லை. தலைபாரம், நெஞ்சடைப்பு, கேஸ்டிரிக் என்றுதான் போகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனச்சோர்வு உடம்பிலும் வலிக்கும் நோய்தான்.

தோல்வி ஏன் சிலரை இப்படி அமுக்குகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை வழிகாட்டுகிறது. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் இரு வகை நாய்களை ஒப்பிட்டார்கள். இரு வகைக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒரு வகையால் பலகையை அழுத்தி அதை நிறுத்த முடியும், மற்ற வகையால் முடியாது. பிறகு, தாண்டிக் குதித்தாலே தப்பித்துவிடக்கூடிய பெட்டியில் விட்டபோது, முதல் வகை நாய்கள் குதித்துத் தப்பின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டன. இரண்டும் பட்ட வலி ஒன்றே. கட்டுப்பாடு தன் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. இப்படிப்பட்ட சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது, தரவும் கூடாது.

அந்த நாய்கள் இயலாமையைக் 'கற்றுக்கொண்டன' என்று அப்போது அவர்கள் முடிவு செய்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் முடிவைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின் முன் ஒடுங்கிப் போவது மூளையின் இயல்பான எதிர்வினை. அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது, என் கையில் ஏதோ இருக்கிறது என்பதைத்தான். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி அப்படி ஒரு பிடியைக் கண்டுகொண்டால், மூளைத்தண்டில் இந்த ஒடுக்கத்தைக் கிளப்பும் நரம்பணுக் கூட்டத்தை அது அமர்த்துகிறது. அறிவியலாளர்கள் தங்கள் புகழ்பெற்ற கோட்பாட்டையே மாற்றி எழுதிய இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். துவண்டு கிடப்பவனைப் பார்த்து 'உனக்கு மன உறுதி இல்லை' என்று சொல்வதற்கு இனி அறிவியலில் இடமில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

இப்போது பயிற்றுநரின் இடத்தில் நின்று பாருங்கள். 90 நிமிடத்தில் அவர் கையில் இருப்பது சில மாற்று ஆட்டக்காரர்கள், பாதி காதில் விழாத சில கட்டளைகள், இடைவேளையில் 15 நிமிடம். முடிவுக்குப் பொறுப்பு முழுக்க அவருடையது. வேலையின் கெடுபிடி அதிகமாகவும் அதன் மீதான பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் மனிதர் அதிகம் நசுங்குகிறார் என்று 1979-லேயே அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் எழுதினார். அவர் கண்முன் இருந்தவர்கள் சாதாரண வேலைகளில் இருந்தவர்கள். ஆனால் அந்த விளக்கத்துக்கு இவ்வளவு பொருந்துகிற இன்னொரு வேலையை நான் கண்டதில்லை.

பொறுப்புக்கும் உண்மையான பங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்தும் இருக்கிறார்கள். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல், 1986 முதல் 2004 வரை அந்நாட்டு லீகில் பருவத்தின் நடுவே பயிற்றுநரை நீக்கிய குழுக்களையும், அதே அளவு தடுமாறியும் நீக்காமல் வைத்திருந்த குழுக்களையும் ஒப்பிட்டார். நீக்கிய பிறகு குழு தேறியது உண்மை. நீக்காத குழுக்களும் ஏறத்தாழ அதே அளவு தேறின. மோசமான ஓட்டம் ஒரு கட்டத்தில் தானே சராசரிக்குத் திரும்புகிறது. அந்த இடைவெளியில் ஒருவர் வேலையை இழந்திருப்பார், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் 0-5 எனத் தோற்றதும் தேசியப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவி இழந்தார். பின்னர் வந்த கே. ராஜகோபால் 2010 டிசம்பரில் ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தை வென்று தந்தபோது நாடே விடுமுறை கொண்டாடியது. மூன்று ஆண்டுகள் கழித்து அவரும் அந்தப் பதவியில் இல்லை. 2015 செப்டம்பரில் அபுதாபியில் அதே நாட்டிடம் 0-10 எனத் தோல்வி. அப்போதைய தேசியப் பயிற்றுநர் டோல்லா சாலே பதவி விலகினார். இவர்களில் எவர் மனத்துக்குள் என்ன நடந்தது என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை, ஊகிக்கவும் மாட்டேன். நாம் அவர்களை எப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தி வைத்திருந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வெளிப்படையாகச் சொன்னவர்கள் சிலர் உண்டு. ரால்ஃப் ராங்னிக்கை மென்செஸ்டர் யுனைடெட்டின் இடைக்காலப் பயிற்றுநராக நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2011 செப்டம்பரில், ஜெர்மனியின் ஷால்க குழுவிலிருந்து அவர் நடுவழியில் விலகினார். இனி உடம்பிலும் மனத்திலும் தெம்பில்லை என்று காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். ஓய்வெடுத்துத் திரும்பி வந்து, பின்னர் ஆஸ்திரியாவின் தேசியக் குழுவுக்கும் பயிற்றுநரானார். இங்கிலாந்தின் மார்ட்டின் லிங் 2013-இல் டார்கி குழுவை நடத்திக்கொண்டிருந்தபோது மனச்சோர்வில் விழுந்தார். அதைப் பின்னர் பொதுவில் பேசினார். 2015 நவம்பரில் ஸ்விண்டன் குழுவை ஏற்றவர், அடுத்த மாதமே உடல்நலத்தைக் காரணம் காட்டி விலகினார். மனச்சோர்வு ஒருமுறை வந்துபோகும் காய்ச்சல் இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல். லிங் இரண்டாம் முறை உரிய நேரத்தில் விலகியதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. தன் நோயை அறிந்த ஒருவர் எடுத்த முடிவு அது.

மறைத்தவர்களின் கதை கனமானது. ஜெர்மனியின் கோல் காவலர் ராபர்ட் என்கே பல ஆண்டுகள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றார். வெளியே தெரிந்தால் ஆட்டவாழ்வு போய்விடும், தத்தெடுத்த மகளையும் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சினார். 2009 நவம்பர் 10 அன்று தன் உயிரை முடித்துக்கொண்டார். மறுநாளே அவர் மனைவி தெரேசா கேமராக்கள் முன் உட்கார்ந்து அத்தனையையும் சொன்னார். அந்தத் துணிச்சல் ஜெர்மனியில் பலரைப் பேச வைத்தது. என்கேயின் பெயரால் ஓர் அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. அதே சமயம், என்கேயின் மரணத்தை ஊடகங்கள் அங்குலம் அங்குலமாக விவரித்ததைத் தொடர்ந்த வாரங்களில் அதே வகைத் தற்கொலைகள் கூடியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முறையை விவரித்தால் ஆபத்து. நெருக்கடியைக் கடந்து வந்தவர் எப்படிக் கடந்தார் என்பதைச் சொன்னால் உயிர்கள் காக்கப்படலாம் என்று 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் காட்டினார்கள். செய்தி எழுதும் நாங்கள் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மலேசியக் காற்பந்துக்கு நோயை மூடி வைக்கும் பழக்கம் புதிதல்ல. தேசிய ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி 1991-இல் இறந்தபோது மக்களுக்குத் தசைநலிவு என்றுதான் தெரியும். மோட்டார் நியூரோன் நோய் என்பது 2010-இல் வந்த ஆவணப்படத்தில்தான் வெளியானது. அது உடல் நோய். அவ்வளவு பெரிய வீரர். அதற்கே அத்தனை மூடல் என்றால், மனநோயைச் சொல்ல ஒரு பயிற்றுநருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இனி ரசிகர்.

'வெறும் ஆட்டம்தானே, விடு' என்பார்கள். அளந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. 1994 உலகக் கிண்ண இறுதியைப் பார்த்த பிரேசில் ரசிகர்களின் எச்சிலில் டெஸ்டோஸ்டிரோன் ஆட்டத்துக்குப் பின் கூடியது; இத்தாலி ரசிகர்களுக்குக் குறைந்தது. இரு தரப்பும் திரைமுன் உட்கார்ந்திருந்ததைத் தவிர எதையும் செய்யவில்லை. 2014-இல் ஜெர்மனியிடம் 1-7 எனத் தோற்ற பிரேசிலின் ரசிகர்களிடம், மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோல் தாறுமாறாக ஏறியதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2006 உலகக் கிண்ணத்தின்போது ஜெர்மனி ஆடிய நாள்களில் மூனிக் வட்டாரத்தில் இதய அவசர நோயாளிகள் 2.66 மடங்காயினர், ஆண்கள் மட்டும் எடுத்தால் 3.26 மடங்கு.

மகிழ்ச்சிக்கணக்கு இன்னும் சுவையானது. பிரிட்டனில் 'மேப்பினஸ்' என்ற கைப்பேசிச் செயலி ஆயிரக்கணக்கானோரிடம் அவ்வப்போது 'இப்போது எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டுப் பதிவு செய்தது. பீட்டர் டால்டன், ஜார்ஜ் மெக்கெரன் என்ற இரு பொருளியலாளர்கள் அதைக் காற்பந்து முடிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். குழு வென்ற பின் ஒரு மணி நேரத்தில் ரசிகரின் மகிழ்ச்சி 100-க்கு ஏறத்தாழ 4 புள்ளி கூடுகிறது. தோற்றால் ஏறத்தாழ 8 புள்ளி இறங்குகிறது. தோல்வியின் வலி வெற்றியின் இன்பத்தைப் போல் இரு மடங்கு. பாதி வெற்றி, பாதி தோல்வி என்று ஆடும் குழுவின் ரசிகர் ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நஷ்டத்தில்தான் இருப்பார். 2022-இல் பினாங்கின் பக்கம் நின்றவர்களின் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

பினாங்கு ரசிகருக்கு இன்னொரு சுமை உண்டு: தூக்கம். நம்மில் பலருக்கு உள்ளூர்க் குழுவோடு ஓர் இங்கிலாந்துக் குழுவும் உயிர். அங்கே குளிர்காலச் சனிக்கிழமை மாலை 5.30 ஆட்டம் இங்கே விடியற்காலை 1.30. சாம்பியன்ஸ் லீக் இரவு 8 மணி என்றால் நமக்கு விடியற்காலை 4. மாமாக் கடையில் பெரிய திரை, ஒரு தே தாரிக், கூட்டாளிகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் அங்கிருந்து நேரே வேலைக்குப் போகிறார். ஒரு முழு இரவு தூங்காதவரின் மூளையில் அச்சத்தையும் சினத்தையும் கிளப்பும் அமிக்டாலா, வெறுப்பூட்டும் படங்களுக்கு 60 விழுக்காடு கூடுதலாகத் துள்ளுவதை 2007-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவருக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு இறுதியாட்டத்துக்குக் கண் விழிப்பதால் யாருக்கும் நோய் வராது. ஏற்கெனவே மனம் தளர்ந்திருப்பவர், ஓகஸ்ட் முதல் மே வரை வாரத்துக்கு இரண்டு இரவை இழந்தால், அது வேறு கதை.

பந்தயத்தையும் சொல்லாமல் விட முடியாது. உலகக் கிண்ணம் வந்தால் போலீஸ் 'ஓப் சோகா' என்று சட்டவிரோதப் பந்தயக்காரர்களைத் தேடி இறங்குவது ஊரறிந்தது. அதில் தோற்றவர் இழப்பது புள்ளிகளை மட்டுமா? ஆலோங் என்ற வட்டி முதலையிடம் வாங்கிய கடன், வீட்டில் மறைத்த சம்பளம், கதவில் அடிக்கும் சிவப்புச் சாயம். சூதுப் பழக்கம் முற்றியவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. காற்பந்து ரசிகரின் மனநலத்தைப் பற்றிப் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போவது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

இவ்வளவு கெடுதல் இருந்தும், காற்பந்தை விட்டுவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்கும் சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் உலகக் கிண்ணப் போட்டிகளின்போதும் அவற்றுக்குப் பிறகும் மனநல அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் குறைந்ததை 1990-இல் மாஸ்டர்ட்டன், மேண்டர் என்ற இரு மருத்துவர்கள் கண்டார்கள். ஸ்காட்லாந்து அந்தப் போட்டிகளில் பெரிதாக எதையும் வென்றதில்லை. வெற்றியைவிட, எல்லாரும் ஒன்றையே பேசிக்கொண்டிருப்பதே மருந்தாகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தனியே அறையில் உட்கார்ந்து தோற்பதும், முப்பது பேரோடு மாமாக் கடையில் தோற்பதும் ஒன்றாகுமா?

அதே ஸ்காட்லாந்தில் 13 தொழில்முறைக் குழுக்கள், 35 முதல் 65 வயதுள்ள, உடல் எடை கூடிய 747 ஆண் ரசிகர்களைத் தங்கள் திடலுக்கே அழைத்தன. டாக்டர் சொல்லியும் கேட்காதவர்கள், கிளினிக் வாசலை மிதிக்காதவர்கள், தங்கள் குழுவின் பயிற்றுநர்கள் கூப்பிட்டதும் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் முதலில் 12 வாரம் நடந்தார்கள், சாப்பாட்டைப் பேசினார்கள், தங்களைப் பற்றியும் பேசினார்கள். ஓராண்டு கழித்து, தங்கள் முறைக்காகக் காத்திருந்த மறு பாதியினரைவிடச் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள், மனநலமும் மேம்பட்டிருந்தது. 2014-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு இது. சிட்டி ஸ்டேடியத்தில் ஆட்டமில்லாத மாலைகள் எத்தனையோ இருக்கின்றன. பினாங்கில் இதை யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை.

தேவை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-இல் 4.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேர். தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009 அறிக்கையில், இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களின் விகிதமே மிகக் கூடுதல். அந்த வரியைத் தமிழர்களாகிய நாம் சும்மா படித்துவிட்டுத் தாண்ட முடியாது.

நம்மைத் தடுப்பது வெட்கம். 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைத் தலைமுறை தலைமுறையாக வசையாகவே பயன்படுத்தியிருக்கிறோம். கோல் தவறவிட்டவனுக்கும் அந்த ஊர்தான், அழுகிறவனுக்கும் அந்த ஊர்தான். சட்டமும் நெடுங்காலம் துணைக்கு வரவில்லை: தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன் பிழைத்து வந்தவர் டாக்டரோடு போலீசுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

இந்த வெட்கத்தைக் கரைப்பது எது என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2012-இல் பேட்ரிக் காரிகனும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வளர்ந்தவர்களிடம் பாடம் நடத்துவதைவிட, அந்த நோயோடு வாழ்ந்த ஒருவரை நேரில் சந்திக்க வைப்பதே கூடுதலாகப் பலித்தது. ஒரு பயிற்றுநர் செய்தியாளர் கூட்டத்தில் 'எனக்கும் வந்தது, சிகிச்சை எடுத்தேன்' என்று சொல்லும் இரண்டு வரிக்கு இருக்கும் எடை அதனால்தான். பதாகைகளுக்கு அந்த எடை இல்லை.

2023 அக்டோபரில் இங்கிலாந்தின் நோரிச் குழு ஒரு சிறு காணொளி வெளியிட்டது. ஆட்டம் ஆட்டமாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரு ரசிகர்கள். ஒருவர் ஒவ்வொரு முறையும் வாடிப்போய் இருக்கிறார். மற்றவர் கலகலப்பாகப் பேசுகிறார், கத்துகிறார், சிரிக்கிறார். கடைசியில் காலியாக இருப்பது கலகலப்பானவரின் இருக்கை. உலகம் முழுதும் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். நோய் எப்போதும் வாடிய முகத்தோடு வருவதில்லை என்பதை எத்தனையோ மருத்துவக் கட்டுரைகளைவிட அது நன்றாகச் சொன்னது.

ஆகவே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுதான் வழி. 'அண்ணே, ரெண்டு வாரமா சரியில்லையே, தூங்குறீங்களா?' என்று தொடங்கினால் போதும். பதில் கவலை தந்தால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த நினைப்பை விதைத்துவிடும் என்ற அச்சம் தவறு. 2014-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், கேட்டதால் அந்த எண்ணம் கூடியதாகச் சான்றே கிடைக்கவில்லை. கேட்ட பிறகு அறிவுரை வேண்டாம், உடன் போகலாம். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்டில் டாக்டரைப் பார்க்கலாம். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொல்வார்கள்; தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். லேசான நிலைக்குப் பேச்சுச் சிகிச்சையும் உடற்பயிற்சியுமே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் பலர் மறுபடி விழக் காரணம். கிளினிக்குக்குப் போகவே தயங்குபவர் முதலில் தொலைபேசியில் பேசலாம்: சுகாதார அமைச்சின் 'ஹீல்' எண் 15555. பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களும் இருக்கிறார்கள்; பெயர் சொல்லாமலே அவர்களிடம் பேசலாம்.